இணைக்கப்பட்ட தரவா, பிணைப்புத் தரவா?

அருங்காட்சியகங்கள், ஆவணக் காப்பகங்கள் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘லிங்க்டு டேட்டா’ (வலை முகவரிகளால் ஒன்றையொன்று சுட்டும் தரவு) வரும் இடமெல்லாம் ‘இணைக்கப்பட்ட தரவு’ என்றே எழுதிவிடுகிறார்கள். பொருளையே மறைத்துவிடுகிற பெயர் இது.

தரவு நல்ல சொல். ‘தா’ என்னும் வினையடியில் பிறந்தது. இலத்தீன் ‘டேட்டம்’ என்பதற்கும் தரப்பட்டது என்றே பொருள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர்தான். ‘லிங்க்டு டேட்டா’ என்னும் தொடர், உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் எழுதிய குறிப்பால் பரவியது: ஒவ்வொரு பொருளுக்கும் வலையில் ஒரு முகவரி கொடு, தேடி வருபவருக்குப் பயனுள்ள செய்தி கொடு, பிறர் தந்த முகவரிகளையும் சுட்டு.

இப்போது ‘இணைக்கப்பட்ட’ என்பதைப் பாருங்கள். விண்ணப்பத்தின் அடியில் ‘இணைப்பு’ என்று எழுதிச் சான்றிதழ் நகல்களைப் பட்டியலிடுகிறோம். மின்னஞ்சலில் கோப்பை இணைக்கிறோம். ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தால் ஊராட்சியே இல்லாமல் போகிறது. உடன் வைப்பது, கரைந்துபோவது ஆகிய இரண்டையுமே லிங்க்டு டேட்டா செய்வதில்லை.

கொங்கு நாட்டில் ஏராளமாகக் கிடைத்த, உரோமப் பேரரசர் திபேரியசின் வெள்ளிக்காசை எடுத்துக்கொள்வோம். அதே வகைக் காசு லண்டனிலும் பெர்லினிலும் நியூயார்க்கிலும் உண்டு. அவற்றின் பதிவுகள் அந்தந்த நிறுவனத்தின் தரவுத்தளத்திலேயே இருக்கின்றன. யாரும் அவற்றை ஒரே இடத்தில் கொட்டவில்லை. ‘நொமிஸ்மா’ என்னும் நாணயவியல் திட்டம் திபேரியசுக்கு ஒரு முகவரியும், காசு அடித்த லுக்தூனம் அக்கசாலைக்கு ஒரு முகவரியும் தந்திருக்கிறது. லுக்தூனம் பிரான்சிலுள்ள இன்றைய லியோன் என்பதைப் பண்டைய இடங்களின் தொகுப்பான ‘பிளேயடீஸ்’ காட்டுகிறது. சுட்டும்போதே உறவு இன்னது என்பதும் சொல்லப்படுகிறது: வெளியிட்டவர், அடித்த இடம், கிடைத்த இடம். ஆய்வாளருக்கு வேண்டியது இந்த உறவுப் பெயர்தான். அது இல்லையென்றால், லியோனில் அடித்த காசா, லியோனில் கிடைத்த காசா என்று கணினிக்குத் தெரியாது.

ஆகவே ‘பிணைப்புத் தரவு’ என்பதே சரி. அயனிப்பிணைப்பு, சகப்பிணைப்பு என்று பள்ளி வேதியியலில் படித்திருக்கிறோம். அங்கே அணுக்கள் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே அணுவாகிவிடுவதில்லை. பிணைப்புக்கு வகையும் பெயரும் உண்டு. பிணை என்றால் ஜாமீன் அல்லவா என்பார்கள். பிணைப்பு என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது. சிலர் எழுதும் ‘தொடர்புத் தரவு’ இன்னும் மோசம். அதைப் படிப்பவர் கைபேசி எண்ணைத்தான் எதிர்பார்ப்பார்.

அகராதியின் முதல் சொல்லை எடுத்து ‘ப்பட்ட’ ஒட்டிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்ற பழக்கம் ஒழிய வேண்டும். ‘பகிரப்பட்ட’, ‘மேம்படுத்தப்பட்ட’, ‘ஒருங்கிணைக்கப்பட்ட’ என்று பக்கம் முழுக்கச் செயப்பாட்டு வினை. ஊறுகாயை ‘ஊறவைக்கப்பட்ட காய்’ என்று யாரும் சொல்வதில்லையே! வினைத்தொகை இருக்கும் மொழியில் இந்த நீளம் எதற்கு?

‘லிங்க்டு ஓப்பன் டேட்டா’வுக்குக் ‘கட்டற்ற’ என்பதைச் சேர்த்தால் பிணைப்போடு முரணும். ‘ஓப்பன்’ என்பது யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தையே குறிப்பதால், ‘திறந்த பிணைப்புத் தரவு’ என்று எழுதலாம்.