காசிஸ் பாட்டிலை வாங்கும் முன்னும் திறந்த பின்னும்

பிளாக்கரண்ட் என்ற சிறு பழத்தை ஆல்கஹாலில் ஊறவைத்து, நிறையச் சர்க்கரை சேர்த்துச் செய்யும் இனிப்பு மது கிரெம் து காசிஸ். இதன் பாட்டிலைத் திறந்தபின் விஸ்கி, ரம்மோடு சேர்த்து அலமாரியில் நிறுத்திவைப்பவர்களே அதிகம். விஸ்கிக்கு அது ஒத்துவரும், காசிஸுக்கு ஒத்துவராது. இதில் ஆல்கஹால் 15 முதல் 20% வரைதான். காற்று பட்டதும் பழத்தின் நிறமும் மணமும் இறங்கத் தொடங்கிவிடும். நல்ல காசிஸை வெள்ளைத் தட்டின் மேல் கண்ணாடிக் கோப்பையில் சாய்த்துப் பார்த்தால் ஓரம் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். அந்த ஓரம் செங்கல் நிறத்துக்கு மாறி, வேகவைத்த ஜாம் வாசனை அடித்தால் பாட்டிலின் காலம் முடிந்தது. அவ்வளவு சர்க்கரையில் கிருமி எளிதில் வளராது என்பதால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இருக்காது. கொடுத்த காசு வீண், அவ்வளவுதான்.

திறந்ததை இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எப்போதாவது ஊற்றுபவர்களுக்குச் சின்ன பாட்டிலே போதும். திறக்காத பாட்டிலும் வைக்க வைக்கச் சுவை கூடும் என்று நினைக்க வேண்டாம். அது ஒயினின் குணம்.

காசிஸுக்குப் பெயர்போன ஊர் என்னவோ ஒயின் ஊர்தான். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் டிஜோன் நகருக்குத் தெற்கே நுயி-சான்-ஜார்ஜ் வரை சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். அதற்குப் பின்னால் குளிர் கூடிய மேட்டு நிலங்களில் பிளாக்கரண்ட் புதர்கள். (நம் கடைகளில் விற்கும் உலர்ந்த கருந்திராட்சை வேறு, இது வேறு.) அங்கே பெயர்பெற்ற ரகம் நுவார் து பூர்கோஞ் (பூர்கோஞ் என்றால் பர்கண்டி): சின்னப் பழம், மணம் தூக்கல். தன் மகரந்தத்தை மட்டும் நம்பி இது சரியாகக் காய்க்காது, அதனால் இடையிடையே வேறு ரகத்தையும் நடுவார்கள். குளிர்காலத்தில் போதிய குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு ஒழுங்காக விரியாது. குளிர்காலங்கள் இளகிவரும் இந்நாளில் விளைச்சல் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழத்தை ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த தொட்டியில் சில வாரங்கள் ஊறவைத்து, வடித்து, மிச்சத்தைப் பிழிந்து, சூடாக்காமல் சர்க்கரை கரைப்பார்கள். காய்ச்சி வடிப்பது கிடையாது. பழத்தின் நிறமும் புளிப்பும் அப்படியே நிற்பதும், காற்றுபட்டால் சீக்கிரம் கெடுவதும் இதனால்தான்.

இனி லேபிள். ‘கிரெம்’ என்று போட்டிருப்பதால் பாலாடை இருக்கிறது என்று பொருளல்ல, பால் துளியும் இல்லை. அது சர்க்கரைக் கணக்கு. ஐரோப்பிய விதிப்படி லிக்கர் (இனிப்பூட்டிய மது) என்றால் பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போதும், பழ கிரெம்முக்கு 250, காசிஸுக்கு மட்டும் குறைந்தது 400. ஆல்கஹால் அளவு 15, 18, 20 என்று மாறும். ஒரே தயாரிப்பாளரிடம் 20% பாட்டிலில் பழச்சாறு பொதுவாகக் கூடுதல், விலையும் கூடுதல்.

‘காசிஸ் து டிஜோன்’ என்றால் டிஜோனில் தயாரானது என்பது மட்டுமே உறுதி. பழம் வெளியூரிலிருந்து வந்திருக்கலாம். பழமும் பர்கண்டியில் விளைந்ததாக வேண்டுமென்றால் ‘கிரெம் து காசிஸ் து பூர்கோஞ்’ என்ற புவிசார் குறியீட்டைத் தேடுங்கள். வெறும் ‘கிரெம் து காசிஸ்’ எங்கு வேண்டுமானாலும் தயாராகியிருக்கலாம்.

பெரும்பாலும் இது போவது, வெள்ளை ஒயினில் காசிஸ் கலந்த ‘கீர்’ கோப்பைக்குத்தான். 1945 முதல் 1968 வரை டிஜோன் மேயராக இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கீர், விருந்தினருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துப் பெயர் நிலைத்துவிட்டது. அலிகோட்டே என்ற புளிப்பான வெள்ளை ஒயின்தான் அதற்குப் பொருத்தம், இனிப்பான ஒயினில் கலந்தால் திகட்டும். முதலில் காசிஸ், பிறகு குளிர்ந்த ஒயின். மாற்றி ஊற்றினால் கனமான காசிஸ் அடியில் தங்கிவிடும், கலக்கக் கரண்டி தேட வேண்டும். பழைய கணக்கு மூன்றில் ஒரு பங்கு காசிஸ். இன்றைய நாக்குக்கு அது அதிகம், 120 மி.லி. ஒயினுக்கு 20 மி.லி. போதும்.

அந்த 20 மி.லி.யிலேயே குறைந்தது 8 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் இரண்டு டீஸ்பூன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 12% ஒயினும் 18% காசிஸும் என்றால் ஒரு கோப்பையில் ஏறக்குறைய 14 கிராம் ஆல்கஹால், வெறும் ஒயினைவிட 3 கிராம் கூடுதல். இனிப்பு அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ‘ஜூஸ் மாதிரிதானே’ என்று வண்டிச் சாவியை எடுப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி, சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.