ரிப்போர்ட் வந்த பிறகு எதைப் படிப்பது, எப்போது படிப்பது

கோரிமேடு ஜிப்மரில் கேன்சர்தான் என்ற பயாப்ஸி முடிவைக் கேட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறுகிறவர், அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் கைபேசியில் தேட ஆரம்பித்துவிடுவார். கூட வந்த மகனோ மருமகளோ பக்கத்து சீட்டில் அதையே தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தேடுவதெல்லாம் ஒரே கேள்விதான்: “பிழைப்பாரா, எத்தனை நாள்?” கிடைக்கும் பதிலோ உலகத்துக்கே பொதுவாக எழுதப்பட்டது. நோயின் வகை, பரவிய அளவு, வயது, செய்யப்போகும் சிகிச்சை எதுவும் அதற்குத் தெரியாது.

தேடுவதில் தவறில்லை. ஆபத்து தெரிந்தால் அதைப் பற்றி அறிந்துகொள்ளத் துடிப்பது மூளையின் இயல்பு. ஆனால் அந்த முதல் நாட்களில் படித்ததை வாங்கி வைக்கும் நிலையில் மூளை இருப்பதில்லை.

பயம் வந்ததும் கவனம் குறுகுகிறது. “கேன்சர்” என்ற சொல் காதில் விழுந்த கணத்திலிருந்து மனம் அதிலேயே நின்றுவிடும். அதற்குப் பின் டாக்டர் சொன்ன ஸ்கேன் தேதி, மாத்திரை, அடுத்து பார்க்க வேண்டிய அறை எல்லாம் காதில் விழும், உள்ளே பதியாது. மருத்துவத் தகவலை நோயாளிகள் எவ்வளவு நினைவில் வைக்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான கட்டுரை ஒன்று, கேட்டதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது என்கிறது. நினைவில் நிற்பதிலும் ஏறக்குறையப் பாதி தவறாகவே நிற்கிறதாம். நன்கு படித்தவருக்கும் இது நடக்கும். வேலை செய்யும் நினைவாற்றலின் பெரும்பகுதியைக் கவலை பிடித்துக்கொண்டால் மிச்ச இடம் யாருக்கும் கொஞ்சம்தான்.

அதனால் முதல் வாரத்தில் படிப்பதைவிட எழுதி வைப்பது உருப்படியான வேலை. டாக்டரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யலாம். ஒரு நோட்டில் நோயின் முழுப்பெயர், எந்த உறுப்பில் தொடங்கியது, ஸ்டேஜ் முடிவாகிவிட்டதா இல்லையா, சிகிச்சை முழுக் குணத்துக்கா நோயைக் கட்டுக்குள் வைக்கவா, அடுத்து வர வேண்டிய தேதி என்று ஐந்து விஷயம் போதும். எழுந்து வருவதற்கு முன், “நான் புரிஞ்சுகிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க டாக்டர்” என்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பது மிக நல்ல பழக்கம். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இந்த ஐந்தும் கையில் இல்லாமல் தேடுகிறவர் பெரும்பாலும் வேறு யாருடைய நோயைப் பற்றியோதான் படிக்கிறார்.

இரவு பதினொரு மணிக்குத் தேடுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். நிச்சயமின்மை மனதை அரிக்கிறது. ஒரு பதில் கிடைத்ததும் சில நிமிடம் நிம்மதி. அந்தப் பதிலே புதுக் கேள்வியைக் கிளப்ப, மறுபடி தேடல். நிம்மதி கிடைத்தது தேடியதால்தான் என்று மூளை கற்றுக்கொள்வதால், அடுத்த முறை பயம் வரும்போது கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. இதை உடைக்க எளிய வழி, கேள்வியை முதலில் தாளில் எழுதுவது. “கீமோ போட்ட பிறகு எந்த நாளில் வாந்தி அதிகம் வரும்?” என்பது போல ஒரே கேள்வி. பகல் வெளிச்சத்தில் இருபது, முப்பது நிமிடம் அதற்கு மட்டும். பதில் கிடைத்தால் மூடிவிட வேண்டும். கிடைக்காதது டாக்டருக்கான பட்டியலில் போகட்டும். ஸ்கேனுக்கு முந்தைய இரவு எதுவும் தேடாமல் இருப்பதே மேல்; மறுநாள் ரிப்போர்ட் சொல்லப்போவதை இணையம் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் ஒரே அளவு தகவல் ஒத்துவராது. அமெரிக்க உளவியலாளர் சூசான் மில்லர் 1980-களில் இதை இரண்டு போக்குகளாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு எல்லா விவரமும் தெரிந்தால்தான் மனம் அடங்கும். சிலருக்குத் தேவையானது மட்டும் போதும், மீதி தெரியாமல் இருப்பதே தூக்கம் தரும். பிரச்சினை, ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்கும்போது வருகிறது. மகன் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டுகிறான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது தைரியக் குறைவு என்று மகன் நினைத்தால் தவறு. “எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கம்மா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பாதி சண்டை தீரும்.

இதன் மறுபக்கமும் நம் பக்கம் சகஜம்தான். “அவங்ககிட்ட மட்டும் சொல்லாதீங்க டாக்டர்” என்று குடும்பமே சேர்ந்து மறைத்துவிடும். முடி கொட்டத் தொடங்கும்போது, அல்லது பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் “உங்களுக்கு எங்க கேன்சர்?” என்று கேட்கும்போது அது உடைகிறது. அப்போது நோயின் அதிர்ச்சியோடு வீட்டாரே மறைத்தார்கள் என்ற வலியும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அவர்கள் கொடுக்கும் எந்தப் புத்தகத்தையும் அவர் நம்பிப் படிக்கப்போவதில்லை.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் சொற்கள்

முதலில் படிக்க வேண்டியது சொந்த ஃபைலைத்தான். அதில் மிக அதிகம் பேரைக் கலங்கடிப்பது “கிரேடு 3” என்ற சொல். அது ஸ்டேஜ் 3 அல்ல. கிரேடு என்பது, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது அந்த செல்கள் இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்பதன் அளவு. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, எதுவரை பரவியிருக்கிறது என்பது. கிரேடு 3 உள்ள ஒருவர் ஸ்டேஜ் 1-இல் இருக்கலாம்.

“நோட் 2/14” என்று இருந்தால், எடுத்துப் பார்த்த 14 நெறிக்கட்டிகளில் 2-இல் புற்று செல் இருந்தது என்று பொருள். “மார்ஜின் ஃப்ரீ” என்றால் வெட்டி எடுத்த திசுவின் ஓரத்தில் புற்று செல் தென்படவில்லை, நல்ல செய்தி. மார்பகப் புற்றில் ஹெர்2 (புற்று செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்) என்ற வரியில் 0 அல்லது 1+ இருந்தால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவு சொல்ல முடியாத நடுநிலை; ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை வேண்டும். அந்த இடைவெளியில் ஹெர்2 பற்றி எதைப் படித்தாலும் வீண் கவலைதான். அதேபோல் “கரண்ட் வைக்கிறது” என்று நாம் சொல்லும் ரேடியேஷனில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை. உயர் ஆற்றல் கதிர் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. ஷாக் அடிக்கும் என்று பயந்தே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி.

எட்டு மாதம் என்றால் என்ன

அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்று கண்டறியப்பட்டது. இதைப் பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்டபோது, படிக்கும்படி பெரிதாக ஒன்றுமில்லை என்று அவருடைய டாக்டர் தட்டிக்கழித்தார். அவர் விடாமல் ஹார்வர்டு மருத்துவ நூலகத்துக்குப் போய்த் தேடினார். டாக்டர் ஏன் தயங்கினார் என்பது அங்கே புரிந்தது: நோய் தெரிந்தபின் வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம்.

கூல்டு அதை “எட்டு மாதத்தில் செத்துப்போவேன்” என்று படிக்கவில்லை. புள்ளியியல் தெரிந்தவர் என்பதால் இடைநிலை என்றால் என்ன என்று யோசித்தார். பதினோரு பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகச் சொல்லும் எண்கள்தான். அவர்கள் வாழ்ந்த மாதங்கள் 2, 3, 4, 5, 6, 8, 10, 20, 40, 90, 150. வரிசையில் நடுவில் நிற்கும் ஆறாவது ஆளின் எண் 8. அதுதான் இடைநிலை. அதற்குக் குறைவாக ஐந்து பேர், அதிகமாக ஐந்து பேர். குறைவுப் பக்கம் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது; அதிகப் பக்கம் வால் போல நீண்டுகொண்டே போகும். இதே பதினோரு பேரின் சராசரியைக் கணக்கிட்டால் 30 மாதத்துக்கு மேல் வரும். கூல்டு இன்னும் இருபது ஆண்டு வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றால் இறந்தார். எல்லோரும் அப்படி வாழ்வார்கள் என்பதற்கு இது சான்று அல்ல. அந்த எண்ணில் அவருக்கு இடமிருந்தது, அவ்வளவுதான்.

“ஐந்தாண்டு உயிர்வாழ்வு” என்ற எண்ணைப் பார்த்தாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்தால்தான் அதைக் கணக்கிட முடியும். ஆகவே அது குறைந்தது ஐந்து ஆண்டுக்கு முந்தைய சிகிச்சையின் கணக்கு. “ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்றால் எதிலிருந்து எதற்கு என்று கேட்க வேண்டும். நூற்றுக்கு நாலு பேர் என்பது இரண்டாகக் குறைவதும் பாதி, நாற்பது பேர் என்பது இருபதாகக் குறைவதும் பாதிதான்.

நித்தியகல்யாணியும் வாட்ஸ்அப்பும்

கடலூர்க் கடற்கரை மணலில் தானாக முளைத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். “இதில்தான் கேன்சர் மருந்து இருக்கிறது, கஷாயம் வைத்துக் குடியுங்கள்” என்று செய்தி சுற்றுகிறது. முதல் பாதி உண்மை. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் இந்தச் செடியிலிருந்துதான் வந்தன. 1960-களின் தொடக்கத்திலிருந்து பயன்பாட்டில் இருக்கின்றன. பாதி உண்மை இருப்பதால்தான் மீதியும் நம்பப்படுகிறது.

வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அதையும் ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுவார்கள். குழாய்க்கு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். தவறுதலாகத் தண்டுவட நீரில் போனால் உயிரே போய்விடும். இலையில் அது மிக மிகக் கொஞ்சம், கூடவே ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான தாவர வேதிப்பொருட்கள் வேறு பல. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. நோயைக் கொல்லும் அளவுக்கு மருந்து கிடைக்காமல் உடம்பைக் கெடுக்கும் அளவுக்கு மட்டும் கிடைக்கலாம். கீமோ போகும் நாட்களில் குடித்தால் இரண்டையும் சேர்த்துக் கையாள வேண்டியது ஈரல்.

இதுபோன்ற எந்தச் செய்தி வந்தாலும் கேட்க வேண்டியது, எதில் சோதித்தார்கள், எந்த அளவில், யாரோடு ஒப்பிட்டு என்பதைத்தான். “ஆய்வகத்தில் புற்று செல்லைக் கொன்றது” என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லைப் பினாயிலும் கொல்லும்.

“பாசிட்டிவாக இரு” என்னும் புத்தகங்கள்

இந்த வகைப் புத்தகங்கள் செய்யும் கெடுதலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மனம் தளர்ந்தால் நோய் முற்றும் என்று படித்தவர், அழுத ஒவ்வொரு நாளும் குற்றவுணர்வில் வாடுகிறார். தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ள 1,093 பேரின் தரவை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், மனநிலைக்கும் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. மனநிலை முக்கியம்தான், தூக்கம், சாப்பாடு, சிகிச்சையைப் பாதியில் விடாமல் இருப்பது எல்லாம் அதைப் பொறுத்தவை. ஆனால் அழுவதால் கட்டி வளராது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில், சூலை நோயின் வலியோடு அப்பர் பாடிய தேவாரப் பதிகத்தைப் பாருங்கள். நம்பிக்கை உள்ள பாட்டுத்தான், ஆனால் வலியை மறைக்கவில்லை. தாங்க முடியவில்லை என்று நேராக முறையிடுகிறது. உடம்பு முடியாதவர்கள் இன்றும் அதைப் படிப்பதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணமாக இருக்கலாம். சிரித்த முகத்தோடு அறிவுரை சொல்லும் நூலைவிட இப்படிப்பட்ட எழுத்து அந்த நேரத்தில் அதிகம் துணை நிற்கும் என்பது எங்கள் கணிப்பு.

நோயிலிருந்து மீண்டவர்களின் அனுபவ நூல்கள் இரண்டு பக்கமும் வெட்டும். நமக்கு மட்டும் இல்லை என்ற ஆறுதல் கிடைக்கும். அவருக்கு ஆனதெல்லாம் நமக்கும் ஆகுமோ என்ற பயமும் ஒட்டிக்கொள்ளும். அதே உறுப்பு, ஏறக்குறைய அதே ஸ்டேஜ் உள்ளவர் எழுதியதா என்று பார்க்க வேண்டும். கடைசி அத்தியாயத்தை வீட்டில் வேறு யாராவது முதலில் படித்துவிடுவது நல்லது.

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் 1827-இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இரண்டிலும் கதை, கவிதை, பக்தி நூல்களுக்குப் பஞ்சமில்லை. மருத்துவ நூல் எடுத்தால் மட்டும் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டு எடுங்கள். உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றைத் தாக்கவைக்கும், இப்போது பரவலாகப் பேசப்படும் இம்யூனோதெரபி ஊசிகள் 2011 முதல்தான் ஒவ்வொன்றாக அனுமதி பெற்றன. அதற்கு முந்தைய நூலில் அவை அநேகமாக இருக்காது. சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கையேடு மெலிதாக இருந்தாலும் அதற்குத்தான் முதலிடம். நல்ல கையேடா என்று பார்க்க ஒரு குறுக்குவழி: கீமோவுக்குப் பிறகு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறதா? ரத்தத்தில் வெள்ளணு மிகவும் குறைவது பெரும்பாலும் கீமோ போட்டதிலிருந்து 7 முதல் 14 நாள் வரை. அந்த நாட்களில் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லாத நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்பிச் சிகிச்சைக் காலத்தைக் கடக்க வேண்டாம்.

கீமோ நடக்கும்போது இரண்டு பக்கம் தாண்டினால் கவனம் சிதறும், படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டிவரும். பலருக்கும் வருவதுதான். சிறுகதை, பெரிய எழுத்து, அல்லது பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அப்போது வசதி.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லாமல், தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் அது புத்தகத்தால் தீராது. புற்றுநோய்ப் பிரிவுகளில் பயன்படும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: கடந்த ஒரு வாரத்தின் மனவேதனைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். நாலோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் சொல்லி மனநலப் பிரிவைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் எண்ணைப் பற்றியெல்லாம் யோசிக்க வேண்டாம், அன்றே பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 எண்ணில் இரவிலும் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.