வாய் அடியில், கண் முதுகில்: திருக்கை இரை பிடிப்பது எப்படி?

பிள்ளையார் சிலைகளைக் கடலில் கரைக்கும் கணபதி விசர்ஜனம் நெருங்கினால் மும்பையில் திருக்கை பயமும் வந்துவிடும். 2013-இல் கிர்காவ் சௌபாட்டி கடற்கரையில் பலர் குத்துப்பட்டார்கள். "ஆளைத் தின்னத்தான் கரைக்கு வருகிறதா?" என்று கேட்கிறார் தாராவி வாசகர் ஒருவர். இல்லை. வால் முள் தற்காப்புக்கு மட்டும். இரை பிடிப்பதில் அதற்கு வேலையே கிடையாது. திருக்கை வருவது சேற்றிலுள்ள இறால், நண்டு, புழு, மட்டி, பொடிமீனுக்காக.

கண் முதுகில், வாய் வயிற்றுப் பக்கம். தின்பதை அதால் பார்க்கவே முடியாது. வாடை பிடித்து அருகே போகும். கடைசி ஒரு சாண் தூரத்துக்குத்தான் இரையின் மின்சாரத்தை உணரும் புலன்.

மும்பை மீன்துறையான சசூன் டாக்கில் கிடக்கும் திருக்கையைப் புரட்டுங்கள். வாயைச் சுற்றி ஊசி குத்தியதுபோல் துளைகள் தெரியும். அழுத்தினால் நிறமற்ற கூழ் கசியும். இத்தாலிய ஆய்வாளர் லோரன்சினி 1678-லேயே இவற்றை விவரித்துவிட்டார். வேலை என்னவென்று புரிய ஏறக்குறைய 300 ஆண்டுகள் பிடித்தன. துளைக்குள் ஒரு குழாய். கூழ் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், குழாய்ச் சுவர் கடத்தாது. ஆகவே துளைவாயின் மின்னழுத்தம் அநேகமாகக் குறையாமல் அடியிலுள்ள உணர்செல்களை எட்டுகிறது.

மணலுக்குள் பதுங்கிய மீன் அசையாமல் கிடக்கலாம், மூச்சு விடாமல் இருக்க முடியாது. செவுளில் அயனிகள் கசிந்து, சுற்றிலும் மெல்லிய மின்புலம் உண்டாகும். சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட் (ஒரு வோல்ட்டில் 20 கோடியில் ஒரு பங்கு) இருந்தாலே திருக்கை இனம் உணர்ந்துவிடும்.

1971-இல் கால்மைன் என்ற விஞ்ஞானி ஒரு தட்டைமீனை அகார் (கடற்பாசிக் கூழ்) கூண்டில் அடைத்து மணலில் புதைத்தார். அகார் வாடையைத் தடுக்கும், மின்புலத்தைத் தடுக்காது. சுறாவும் திருக்கையின் உறவான ஸ்கேட்டும் நேராக வந்து தோண்டின. மேலே மின்புலத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள் போட்டதும் கண்டுகொள்ளவில்லை. மீனுக்குப் பதில் மின்முனையைப் புதைத்தபோது அதையும் தோண்டின! செலவு குறைந்த, அழகான சோதனை. எச்சரிக்கைப் பலகைக்குப் போகும் காசில் கொஞ்சம், எந்தத் திருக்கை எந்த மாதம் எதைத் தின்கிறது என்று வயிற்றை அறுத்துப் பார்க்கும் மாணவர்களுக்கும் போகலாம்.

தன் மூச்சும் மின்புலம் உண்டாக்குமே? அது எல்லாத் துளைகளிலும் ஒரே தாளத்தில் பதிவதால், மூளை அந்தத் தாளத்தைப் பழகிக் கழித்துவிடுகிறது.

இரை அகப்பட்டதும் உடலைக் கவிழ்த்து மூடி, தாடையை நீட்டி உறிஞ்சும். வாயால் நீரைப் பீய்ச்சி மண்ணை விலக்குவதும் உண்டு. தட்டையான பல்வரிசை ஓட்டை நொறுக்கும்; தேய்ந்தது உதிர, பின்வரிசை முன்னே வரும்.

கடலில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள், விலகிவிடும். குத்தினால் பொறுக்கும் சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத நீரில் 30 முதல் 90 நிமிடம் காலை வையுங்கள், வலி தணியும். முள் ஆழமாகப் பாய்ந்திருந்தால் நீங்களே பிடுங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.