டேங்க் காலி, ஆனால் 'நிரம்பிவிட்டது' என்கிறது விளக்கு

'துணி உலர்த்தும் டிரையரில் டேங்க் நிரம்பிவிட்டது என்று விளக்கு எரிகிறது. இழுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கை தண்ணீர்கூட இல்லை. திரும்பச் செருகினால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடி நின்றுவிடுகிறது. சென்சார் போய்விட்டதா?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

அநேகமாக இல்லை. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, விளக்குக்கு வைத்த பெயர்தான் தப்பு. பல மாடல்களில் அந்த டேங்குக்குள் சென்சாரே கிடையாது.

முதலில் அடிப்படையை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். துணியிலிருந்து எடுத்த நீரை டேங்கில் சேர்க்கும் இந்த வகைக்குக் கண்டென்சர் டிரையர் என்று பெயர். இதில் ஈரக் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ளும் குழாய் இல்லை. சூடான காற்று டிரம்முக்குள் புரளும் துணியிலிருந்து நீராவியை அள்ளிக்கொண்டு, பஞ்சுத்தூசியைப் பிடிக்கும் வலையைத் தாண்டி, கண்டென்சரின் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையே நுழைகிறது. குளிர்ந்த பாட்டில் வெளியே வியர்க்கிறதே, அதேதான் அங்கேயும் நடக்கிறது. நீரை இறக்கிவிட்ட காற்று மறுபடி சூடாகி டிரம்முக்கே திரும்புகிறது. தகடுகளைக் குளிர வைப்பது பழைய வகையில் அறைக் காற்று. வெப்பப் பம்ப் வகையில், ஃபிரிட்ஜில் இருப்பது போன்ற குளிர்பதனச் சுற்று.

இப்படி இறங்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் வாஷிங் மெஷின் பிழிந்து தந்த 7 கிலோ துணியில், உலர்ந்த எடையில் 60 சதவீதம் அளவுக்கு நீர் மிச்சமிருக்கும். கணக்குப் போட்டால் 4 லிட்டருக்கு மேல்.

இனி எனக்குப் பிடித்த இடம். தகடுகளிலிருந்து சொட்டும் நீர் இயந்திரத்தின் அடியில் ஒரு சின்னப் பள்ளத்தில் சேர்கிறது. டேங்கோ பெரும்பாலான மாடல்களில் மேலே, நாம் குனியாமல் உருவி எடுக்கும் உயரத்தில் இருக்கிறது. ஆகவே பள்ளத்திலிருந்து மேலே ஏற்ற ஒரு சிறு பம்ப். டேங்க் நிரம்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது? டேங்குக்குள் ஒரு சென்சார் வைக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அது தினமும் உருவிச் செருகும் பெட்டி. அதற்கு மின் இணைப்பு கொடுத்தால், தண்ணீர் சிந்தும் இடத்தில் நாளுக்கு நான்கு முறை பிடுங்கி மாட்டும் இணைப்பாகிவிடும். வடிவமைத்தவர்கள் அந்த வம்பே வேண்டாம் என்று, டேங்கைப் பார்க்காமலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி செய்தார்கள்.

டேங்க் நிரம்பினால் தண்ணீர் வழியும். வழிவது ஒரு கால்வாய் வழியாக மறுபடி அடிப்பள்ளத்துக்கே இறங்கும். பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும், அது திரும்ப வழியும். செக்குமாடு மாதிரி அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வர, துணியிலிருந்து புதுத் தண்ணீரும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. பள்ளத்தில் மட்டம் உயர்கிறது. அங்கே ஒரு மிதவை இருக்கிறது. அது ஓர் அளவுக்கு மேல் எழும்போது சுவிட்சை இயக்கிவிடும். ஹீட்டர் நிற்கும், விளக்கு எரியும்.

ஆக, அந்த விளக்கு சொல்வது 'டேங்க் நிரம்பியது' என்பதல்ல. 'அடியில் தண்ணீர் ஏறுகிறது, மேலே போய்த் தங்கவில்லை' என்பதுதான். டேங்க் நிரம்பியது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பம்ப் சிக்கினாலும், குழாய் அடைத்தாலும், டேங்கின் நுழைவாய் மூடிக்கொண்டாலும் அதே மிதவை, அதே விளக்கு. தரையெல்லாம் தண்ணீராவதற்கு முன் இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் மிதவையை வைத்து இரண்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். யோசித்தவருக்குக் கை கொடுக்கத் தோன்றுகிறது எனக்கு.

இது புரிந்துவிட்டால் கோளாறு தேடுவது சுலபம். தண்ணீர் எங்கேயும் மாயமாகாது. துணியில், பள்ளத்தில், டேங்கில், அறைக் காற்றில், தரையில் என்று எங்காவது ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

வாசகரின் டிரையரில் அது பெரும்பாலும் பள்ளத்தில்தான் நிற்கிறது. முதலில் டேங்கை வெளியே எடுத்து, கடைசிவரை அழுத்திச் செருகிப் பாருங்கள். இரண்டு விரல் அகலம் வெளியே நின்றாலே போதும், பம்ப் பீய்ச்சும் நீர் டேங்கின் துளையில் விழாமல் கால்வாயில் விழுந்து கீழே போய்விடும். சில டேங்குகளில் அந்தத் துளையில் ஒரு சிறு சல்லடை இருக்கும். அதில் பஞ்சு அப்பியிருந்தாலும் இதே கதைதான். அதுவும் சரியாக இருந்தால், ஓடும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் ஏறும் சத்தம் இல்லாமல் வெறும் 'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் வந்தால் பம்பின் விசிறி சிக்கியிருக்கிறது. முனகலும் இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் சுருள் எரிந்துவிட்டது.

சிக்க வைப்பது யார்? பஞ்சுத்தூசிதான். வலையில் சிக்காத நுண்ணிய இழைகள் தகடுகளில் ஒட்டி, நீரோடு வழிந்து, பள்ளத்தில் படிகின்றன. என் டிரையரை முதல்முறை பிரித்தபோது பம்புக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் நனைந்த கம்பளித் துண்டு போல ஒன்றை உருவி எடுத்தேன். கம்பளியே இல்லாத வீடு அது! அதற்குச் சில மாதம் முன்பு வந்த பழுதுக்காரர் இதே விளக்கைப் பார்த்துவிட்டு, 'போர்டு போயிடுச்சு, மாத்தணும்' என்றிருந்தார். பள்ளத்தை அவர் திறக்கவே இல்லை. திறந்து பார்க்காமல் சொல்லும் தீர்ப்புக்கும் குறி சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பள்ளம் காய்ந்து கிடக்கிறது, ஆனால் ஆன் செய்த உடனேயே விளக்கு எரிகிறது என்றால் மிதவை மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது சுவிட்ச் கெட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, பம்ப் செத்து மிதவையும் கீழே ஒட்டிக்கொண்டால் விளக்கு எரியாது, தரை நனையும். இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலும் மிதவை ஏமாறும்.

விளக்கு எரியவில்லை, டேங்கில் வழக்கத்தில் பாதித் தண்ணீர்தான், துணி இன்னும் ஈரம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்திருக்கிறது என்றால் வடிகாலைச் சந்தேகிக்க வேண்டாம். தண்ணீர் இறங்கவே இல்லை. 60 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 130 கிராம் நீராவியைத் தாங்கும், 40 டிகிரியில் சுமார் 51 கிராம். நிறைந்த காற்றை 60லிருந்து 40க்குக் குளிர்வித்தால் ஏறத்தாழ 79 கிராம் இறங்கும். தகடுகளில் பஞ்சு படிந்து 50 டிகிரி வரைதான் குளிர்விக்க முடிந்தால் 47 கிராம்தான். பத்து டிகிரிக்குள் அவ்வளவு வித்தியாசம்!

அறையும் இதில் கூட்டாளி. ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 2,400 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டுப் போகும். ஜோசப் பிளாக் 1760களில் அளந்து காட்டிய அதே வெப்பம். 20 டிகிரியில் இருக்கும் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். பழைய வகை டிரையரில் இது முழுக்க அறைக் காற்றில்தான் சேருகிறது. கதவைச் சாத்திய சின்ன அறையில் அந்தக் காற்றே சூடேறிவிட்டால் தகடுகளை எதைக்கொண்டு குளிர்விப்பது?

அதே சமயம், டேங்கில் கொஞ்சம் குறைந்தாலே கோளாறு என்று பதற வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் கண்டென்சர் டிரையர்களுக்கு 2015 நவம்பர் முதல் 2025 ஜூன் வரை வைத்திருந்த குறைந்தபட்ச அளவே 70 சதவீத நீரைப் பிடித்தால் போதும் என்பதாகத்தான் இருந்தது. மீதி காற்றில் கசியலாம் என்று சட்டமே ஒத்துக்கொண்டது.

தானே சுத்தம் செய்துகொள்ளும் கண்டென்சர் என்று விளம்பரம் செய்யும் வகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் பம்ப் ஏற்றும் நீரில் ஒரு பங்கைத் தகடுகள் மீது பீய்ச்சிக் கழுவுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கழுவிய பஞ்சில் வலைக்குத் தப்பியது அந்தப் பள்ளத்துக்குத்தானே வரும்?

இன்னொரு நம்பிக்கையும் உலவுகிறது: டேங்க் தண்ணீர் காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றலாம், குடிக்கக்கூடச் செய்யலாம் என்று. ஆவியாகி இறங்கியது உண்மை. ஆனால் அது இறங்கி வந்த வழி பஞ்சும் சோப்பு மிச்சமும் படிந்த பாதை. குடிக்கவும் வேண்டாம், பேட்டரிக்கும் வேண்டாம்.

டேங்குக்குப் பதிலாக ஹோஸ் மாட்டி நேரே சிங்க்கில் விட்டிருப்பவர்கள் அதன் நுனி தண்ணீருக்குள் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால், பம்ப் நின்றதும் சிங்க்கில் தேங்கிய அழுக்கு நீர் சைஃபன் முறையில் பின்னோக்கி இழுபட்டு அடிப்பள்ளத்துக்கே வரலாம். அப்போதும் அதே விளக்குதான் எரியும்.

எதைத் திறப்பதானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். வெப்பப் பம்ப் வகையில் தகடுகளைக் கம்பியால் குத்தவே கூடாது. புதிய மாடல்கள் பலவற்றில் அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது எளிதில் தீப்பற்றும் புரோப்பேன் வாயு.