நிறமாலைவரைவியை ஆளும் பிளவு

விண்மீனின் நிறமாலையில் தெரிபவை ஏன் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாக இருக்கின்றன? இந்த எளிய கேள்வியைப் பிடித்துக்கொண்டால், ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதிவுசெய்யும் கருவியான நிறமாலைவரைவியின் ஒளியியல் பெரும்பாலும் விளங்கிவிடும். தொலைநோக்கி ஒளியைக் குவிக்கும் இடத்தில் மெல்லிய நீள்பிளவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோடும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் விழும் அந்தப் பிளவின் பிம்பமே. இருண்ட கோடு என்பது, விண்மீனின் வளிமண்டலம் அந்த அலைநீளத்தை உறிஞ்சியதால் மங்கிப்போன பிம்பம்.

பிளவைக் கடந்து விரியும் ஒளியை இணையாக்கி என்ற வில்லை அல்லது ஆடி இணைகற்றையாக மாற்ற, நெருக்கமான நுண்கீற்றுகள் கொண்ட கீற்றணி அதை அலைநீளவாரியாக வெவ்வேறு கோணங்களில் பிரிக்க, கேமரா அதை சிசிடி உணரியில் குவிக்கிறது. 589.0, 589.6 நானோமீட்டரில் உள்ள சோடியத்தின் இரு கோடுகளை எடுத்துக்கொள்வோம். பிளவு அகலமாக இருந்தால் இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். அவற்றைப் பிரித்துக் காட்ட, ஏறத்தாழ 1,000 என்ற பிரிதிறன் (அலைநீளத்தை, பிரித்தறிய வேண்டிய வேறுபாட்டால் வகுத்த எண்) வேண்டும்.

அப்படியானால் பிளவைக் குறுக்கிவிடலாமே என்று தோன்றும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. பூமியின் காற்று விண்மீனின் பிம்பத்தை ஏறக்குறைய ஒரு விகலை (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலத்துக்குப் பரப்பிவிடுவதால், குறுகிய பிளவு அரிதாகக் கிடைக்கும் ஒளியையே வெளியே தள்ளிவிடும். குவியத் தொலைவு விட்டத்தைப் போல 8 மடங்கு உள்ள 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த பிம்பம் சுமார் 0.04 மில்லிமீட்டர் அகலம். 8 மீட்டர் தொலைநோக்கியிலோ 0.3 மில்லிமீட்டர். ஆகவே தொலைநோக்கி பெரிதாகும்போது, அதே பிரிதிறனைக் காக்க இணைகற்றையும் கீற்றணியும் பெரிதாக வேண்டியிருக்கிறது. பெரிய தொலைநோக்கிகளுக்கான கருவிகள் அறையளவு வளர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இந்த வளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பது எஷெல் கீற்றணி. சிலியின் லா சில்லா வானாய்வகத்தில் 2003 முதல் இயங்கும் ஹார்ப்ஸ் என்ற நிறமாலைவரைவியின் எஷெலில் மில்லிமீட்டருக்கு 31.6 கீற்றுகள் மட்டுமே உள்ளன. ஆனால் ஒளி மிகச் சாய்வாக விழுவதால் கீற்றணியின் இரு முனைகளுக்கிடையே பாதை வேறுபாடு பெரிதாகி, பிரிதிறன் 1,15,000-ஐ எட்டுகிறது. கீற்றணி ஒரே ஒளியிலிருந்து இவ்வாறு உருவாக்கும் பல நிறமாலைகள் (இவை வரிசைகள் எனப்படும்) ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், இரண்டாவது பிரிப்பான் ஒன்று அவற்றைச் செங்குத்துத் திசையில் விலக்கி, பட்டை பட்டையாக உணரியில் அடுக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, பிம்பத்தையே வெட்டுவது. சிறு ஆடிகளின் அடுக்கு ஒன்று அகன்ற விண்மீன் பிம்பத்தை மெல்லிய கீலங்களாக நறுக்கி, பிளவின் நீளவாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்துகிறது. ஒளி பெரிதாக வீணாவதில்லை, பிளவும் குறுகியே இருக்கிறது. ஆனால் பிளவு நீண்டுவிடுவதால் எஷெலின் பட்டைகள் உயரமாகி, அவை ஒன்றையொன்று தொடாதபடி இரண்டாவது பிரிப்பான் இன்னும் அதிகமாக விலக்க வேண்டியிருக்கிறது.