தெருவுக்கு இரண்டே லைன்: எந்த நெட் கனெக்‌ஷனை எடுப்பது?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் வைஃபை, கேமரா போட்டுக் கொடுப்பது என் தொழில். எந்தக் கம்பெனிக்கும் நான் ஏஜென்ட் இல்லை. அதனாலேயே "அண்ணே, எங்க தெருவுல ரெண்டே லைன்தான் வருது, எதை எடுக்கலாம்?" என்று கேட்டு அடிக்கடி போன் வரும். சென்னையில் இருப்பவர் பிளானைப் பார்த்து முடிவு செய்யலாம். எங்கள் ஊரில் பிளானைப் பார்ப்பது கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது போஸ்ட் மரத்தை.

பெரும்பாலான சிற்றூர்களில் நிலைமை இதுதான்: ஒரு பிஎஸ்என்எல் ஃபைபர், ஒரு உள்ளூர் கேபிள்காரர் லைன், டவர் பக்கத்தில் இருந்தால் 5ஜி ஏர்ஃபைபர் (தெருவில் வயர் இழுக்காமல் செல்போன் டவர் சிக்னலில் வரும் வீட்டு நெட்). பிஎஸ்என்எல் ஃபைபரை வீடு வரைக்கும் இழுத்துக் கொடுப்பது பல இடங்களில் வருமானப் பங்கு அடிப்படையில் வேலை செய்யும் தனியார் பார்ட்னர். அந்தப் பார்ட்னரே உங்கள் தெருவின் கேபிள் டிவிக்காரராகவும் இருக்கலாம். அப்படியானால் பில்லில்தான் இரண்டு பெயர். போஸ்ட்டில் தொங்கும் கேபிளும் ஒன்று, அறுந்தால் ஏணியோடு வருகிற ஆளும் ஒருவரே. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து ஐடி வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு லைன் வாங்கி வைத்திருந்தார். வடிகால் தோண்ட வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்துவிட்டது. மாதம் இரண்டு பில் கட்டியும் அன்று மீட்டிங்கை செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் முடித்தார்.

ஆகவே வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்கு வரும் கேபிள் எந்த வழியாக வருகிறது? ஜாயின்ட் போட்ட இடத்தில் கறுப்பு பாக்ஸ் ஒழுங்காகத் திருகி மூடியிருக்கிறதா, அல்லது கேரி பேக்கில் சுற்றிக் கட்டியிருக்கிறதா? கேரி பேக் என்றால் ஐப்பசி அடைமழையில் உங்கள் நெட் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் சில தெருக்களில் ஃபைபர் யாரோ ஒருவர் மொட்டைமாடி வரைதான் வரும். அங்கிருந்து நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிற ஒரு பெட்டியை வைத்து லேன் வயரில் பிரித்துக் கொடுப்பார்கள். இடி இடித்தால் முதலில் போவது அந்த ஸ்விட்ச். அந்த வீட்டுக்காரர் கரண்டை அணைத்துவிட்டு ஊருக்குப் போனாலும் தெருவுக்கே நெட் போகும். வீடு வரைக்கும் ஃபைபர் வருகிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

கனெக்‌ஷன் கொடுக்கிற அன்று லைன்மேனிடம் பவர் மீட்டர் (ஃபைபருக்குள் வரும் வெளிச்சத்தை டிபிஎம் கணக்கில் அளக்கும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 18, மைனஸ் 20 டிபிஎம் என்று காட்டினால் நிம்மதி. மைனஸில் எண் கூடக் கூட வெளிச்சம் குறைகிறது என்று அர்த்தம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் அது விளிம்பில் ஓடுகிற லைன். அன்று ஸ்பீடு டெஸ்ட் பிரமாதமாக இருக்கும். கேபிள் எங்காவது கொஞ்சம் மடங்கினாலோ ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினாலோ மோடத்தில், வெளிச்சம் வந்து சேரவில்லை என்று சொல்லும் லாஸ் (LOS) லைட் சிவப்பாக மின்ன ஆரம்பிக்கும். மீட்டர் காட்டும் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் "லைன்லாம் சரியாத்தான் இருக்கு சார்" என்கிற பேச்சு வரும்போது கைகொடுக்கும்.

அடுத்து ஸ்பீடு. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கும். 4கே படம் பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 50 தாராளம். 300-க்கு ஆசைப்படுவதைவிட, ராத்திரி எட்டு மணிக்கும் அந்த 50 வருகிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் வீட்டில் அதே லைன் இருந்தால் லேப்டாப்பை லேன் வயரில் மாட்டிச் சோதியுங்கள். ஸ்பீடு டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பக்கத்திலேயே, சில சமயம் அந்தக் கம்பெனி நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். முழு ஸ்பீடு காட்டாமல் என்ன செய்யும்? மும்பை, சிங்கப்பூர் சர்வர்களை நீங்களே தேர்ந்தெடுத்தும் பாருங்கள். யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுவதும் பெரிய சான்று இல்லை. அதன் வீடியோக்களை கூகுள் பல கம்பெனிகளின் நெட்வொர்க்கிலேயே சேமித்து வைக்கிறது.

கேமராவை வெளியூரிலிருந்து நேரடி ஐபி (நெட்டில் உங்கள் லைனுக்கான முகவரி எண்) போட்டுப் பார்க்கிறவர்களும், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் விபிஎன்னில் வேலை செய்கிறவர்களும் இன்னொன்றைக் கேட்க வேண்டும். ஐபி முகவரிகள் பற்றாக்குறை என்பதால் பல கம்பெனிகள் ஏராளமான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைக்கின்றன. மோடத்தில் 100.64 என்று தொடங்கும் ஐபி வந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். கூகுள் அடிக்கடி "நான் ரோபோ அல்ல" என்று டிக் அடிக்கச் சொல்வதும் இதனால் இருக்கலாம். வெளியிலிருந்து உங்கள் கேமராவுக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. சில விபிஎன்கள் மக்கர் பண்ணும். உங்களுக்கென்றே மாறாமல் இருக்கும் ஸ்டேட்டிக் ஐபி தருவார்களா, அதற்குத் தனியாக எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள்.

இரண்டாவது லைன் அவசியம் என்கிறவர்கள் வழியே வேறாக இருப்பதை எடுங்கள். ஃபைபருக்குத் துணை ஏர்ஃபைபர். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது போஸ்ட்டுகளோடு அவற்றில் தொங்கிய கேபிள்களும் தரைக்கு வந்தன. (டவர்களும் படுத்தன என்பது வேறு கதை. ஆனால் புயல் தினமும் வருவதில்லை, ஜேசிபி தினமும் வருகிறது.) ஏர்ஃபைபருக்குப் பணம் கட்டும் முன், அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போனோடு மொட்டைமாடி ஏறி ராத்திரியில் ஸ்பீடு பாருங்கள். மாடியிலேயே தடுமாறினால் விட்டுவிடலாம். டேட்டா அளவையும் கேளுங்கள். "அன்லிமிடெட்" என்பது ஃபைபரில் பொதுவாக மாதம் 3300 ஜிபி வரை. ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1000 ஜிபிதான். தாண்டினால் ஸ்பீடு நொண்டும்.

கரண்ட் போனால் உங்கள் மோடத்துக்கு ஒரு குட்டி யுபிஎஸ் போதும். ஆனால் கேபிள்காரர் ஆபீஸில் இருக்கும் மெஷினுக்கு எத்தனை மணி நேர பேட்டரி? இதைக் கேட்டால் பலர் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் மோடம் இலவசம் என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள். உள்ளூர் ஆபரேட்டர் தன் லைன்களை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போவது எங்கள் பக்கம் புதிதில்லை. புதிதாக வந்தவர் "முந்தின பணத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று கைவிரித்ததைப் பார்த்திருக்கிறேன். மோடத்தை நீங்களே வாங்குவதானால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று வைஃபையின் இரண்டு பேண்டும் வருகிறதை வாங்குங்கள். எனக்கு வரும் "நெட் ஸ்லோ" புகார்களில் நிறைய, வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மோடத்தை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததால் வந்தவை.

பில் இல்லாத கனெக்‌ஷன் வேண்டாம். யாரோ ஒருவர் நம்பருக்கு ஜிபே போட்டு, அவர் "போட்டுட்டேன் சார்" என்று ரீசார்ஜ் செய்கிற ஏற்பாட்டில், பிரச்சினை வந்தால் புகாரை எங்கே கொண்டுபோவீர்கள்? 18 சதவீத ஜிஎஸ்டியோடு வரும் பில்லில் உரிமம் பெற்ற கம்பெனியின் பெயர் இருக்கும். புகாருக்கு டாக்கெட் நம்பர் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். பலரும் நேராகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுகிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை.

கனெக்‌ஷன் மாற்றுகிறவர்கள் பழையதை உடனே வெட்டாதீர்கள். செல்போனுக்கு 2011-லேயே நம்பர் மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி வந்துவிட்டது. பிராட்பேண்டுக்கு அப்படி எதுவும் இல்லை, புதிதாக வயர் இழுத்துத்தான் ஆக வேண்டும். புதுசும் பழசும் ஒரு மாதம் சேர்ந்து ஓடட்டும். பிறகு பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, அதன் சீரியல் நம்பர் எழுதி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.