வாழ்த்து அட்டைக்கு வீடியோ அனுப்புகிறீர்களா? மூலக் கோப்பை அனுப்புங்கள்

சென்ற வாரம் ஒரு பெண்மணி, தம் தாயாரின் 70ஆவது பிறந்தநாளுக்காக இணைய வாழ்த்து அட்டை ஒன்று செய்து தரும்படி கேட்டு, உறவினர்கள் பேசி அனுப்பிய 14 வீடியோக்களை என்னிடம் ஒப்படைத்தார். அவற்றில் 11 பதிவுகள் குடும்பக் குழுவில் ஒருவர் போட, இன்னொருவர் எடுத்து மற்றொருவருக்கு அனுப்ப, அவர் மறுபடியும் இவருக்கு அனுப்ப, இப்படிக் கை மாறிக் கை மாறி வந்து சேர்ந்தவை. அவருடைய தாய்மாமா 40 விநாடிகள் பேசிய பதிவு மட்டும் 90 மெகாபைட் இருந்தது. இதுவாவது நன்றாக இருக்கும் என்ற நிம்மதியோடு திறந்தேன். மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் புருவமும் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மீசையும் பற்களும் ஒரே சாம்பல் கட்டமாகி, மூடிய பிறகு மெதுவாகப் பிரிந்தன. பின்னாலிருந்த சுவர் சதுரம் சதுரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு, "மாமா அனுப்பியது கொஞ்சம் மங்கலாக இருந்தது, அதனால் ஓர் இலவசத் தளத்தில் கொடுத்து ஹெச்டி ஆக்கிவிட்டேன்" என்றார். வீடியோ தொகுக்கும் இந்த வேலையில் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கும் வாக்கியம் இதுதான். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

மங்கிப்போன வீடியோவை ஹெச்டி ஆக்க முடியாது. கோப்பின் அளவு பெருகியதை வைத்துத் தரம் கூடிவிட்டது என்று நம்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். செய்திச் செயலியில் வீடியோவைச் சாதாரணமாக அனுப்பினால், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் செயலி அதைச் சுருக்குகிறது. சுருக்குவது என்றால் துணியை மடித்து வைப்பது போலன்று, பிறகு பிரித்துக்கொள்வதற்கு. கண்ணுக்கு உடனே தெரியாது என்று மென்பொருள் கருதும் விவரங்கள் அங்கேயே எறியப்படுகின்றன. அடுத்த முறை சுருங்கும்போது, எஞ்சியதிலிருந்து இன்னும் கொஞ்சம் போகிறது. முதல் சுருக்கத்தில் உண்டான கட்டங்களையும் கறைகளையும் அந்த இரண்டாம் சுருக்கம் உண்மையான படம் என்றே எண்ணிக் கவனமாகப் பாதுகாக்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

சுருங்கி 640க்கு 360 புள்ளிகளாகிவிட்ட ஒரு வீடியோவை 1920க்கு 1080 ஆகப் பெரிதாக்குவதாக வைத்துக்கொள்வோம். முன்னதில் 2,30,400 புள்ளிகள், பின்னதில் 20,73,600 புள்ளிகள். சரியாக ஒன்பது மடங்கு. அதாவது, ‘ஹெச்டி’ ஆன உங்கள் வீடியோவில் ஒன்பது புள்ளிகளுக்கு எட்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்பியவை. கோப்பு 90 மெகாபைட் ஆனது அந்த ஊகங்களைச் சுமப்பதற்காகத்தான். சக்கையை எத்தனை முறை ஆலையில் இட்டாலும் சாறு வராது. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அது முகத்தை மீட்பதில்லை, ஒரு முகத்தை வரைகிறது. தோல் பளபளப்பாகிவிடும், பல் வரிசை ஒழுங்காகிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த மனிதரைச் சிறுவயது முதல் அறிந்த தங்கை அதைப் பார்த்துவிட்டு "இது அண்ணன் மாதிரியே இல்லையே" என்பார்.

ஆகவே, உறவினர்களிடம் கேட்கும்போதே தெளிவாகக் கேளுங்கள். "வீடியோ அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தெரிந்த வழியில்தான் அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் கேலரியிலிருந்து வீடியோவாகச் சேர்க்காமல், ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பும் கோப்பு சுருக்கப்படாமல் அப்படியே போகும், 2 ஜிபி வரை அனுப்பலாம். அல்லது கூகுள் டிரைவ் போன்ற ஒன்றில் ஏற்றி இணைப்பைத் தரச் சொல்லுங்கள். எடுத்தவருடைய கைபேசியிலிருந்து நேராக உங்களிடம் வர வேண்டும். நடுவில் ஒரு கை கூடக் கூடாது. அட்டை முடிந்து எல்லோரும் பார்க்கும்வரை மூலப் பதிவை அழிக்க வேண்டாம் என்பதையும் தயவுசெய்து அதே செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இருப்பதிலேயே பெரியது நல்லது என்று 4கேயில் எடுத்து அனுப்புபவர்கள். வாழ்த்து அட்டையில் உங்கள் வீடியோ ஓடப்போவது பெரும்பாலும் உள்ளங்கை அகலச் சட்டத்துக்குள். 1080பி (அதாவது 1920க்கு 1080 புள்ளிகள்), விநாடிக்கு 30 சட்டகங்கள் (ஃபிரேம்கள்), இது தாராளமாகப் போதும். விநாடிக்கு 8 மெகாபிட் என்ற அளவில் பதிவானால் விநாடிக்கு ஒரு மெகாபைட் ஆகும். அரை நிமிட வாழ்த்து 30 மெகாபைட், அவ்வளவுதான். 300 மெகாபைட் கோப்பை, விநாடிக்கு 4 மெகாபிட் பதிவேற்ற வேகமுள்ள இணைப்பில் ஏற்றப் பத்து நிமிடமாகும். "என்னுடைய இணைப்பு 100 மெகாபிட் ஆயிற்றே" என்பார்கள். அது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் பல இணைப்புகளில் அதைவிட மிகக் குறைவு. பாதியில் நின்றுபோன கோப்பு பாதியாவது ஓடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல நேரங்களில் கடைசியில்தான் எழுதப்பட்டிருக்கும். கடைசித் துண்டு வந்து சேரவில்லையென்றால் முதல் விநாடி கூடத் திறக்காது. எனவே, பதிவேற்றம் முடிந்ததாகத் தளம் சொல்லும்வரை திரையை மூடாதீர்கள், கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பாதீர்கள்.

கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள ‘.எம்ஓவி’யை (.mov) அழித்து ‘.எம்பி4’ (.mp4) என்று எழுதிவிட்டால் வடிவம் மாறிவிடாது. பெயர்ப்பலகையை மாற்றினால் வீடு மாறிவிடுமா? ஐஃபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், வசதியுள்ள மாடல்களில் எச்.265 என்ற சுருக்கும் முறையில்தான் இயல்பாகப் பதிவு செய்கின்றன. சில அட்டைத் தளங்கள் அதை ஏற்பதில்லை, ஏற்றாலும் ஒலி மட்டும் கேட்டுப் படம் கறுப்பாக இருக்கும். கேமரா அமைப்பில் ‘ஃபார்மட்ஸ்’ என்பதற்குள் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதை, வீடியோ எடுப்பதற்கு முன்பே தேர்ந்துவிடுங்கள். அதே கேமரா அமைப்பில் ‘ரெக்கார்ட் வீடியோ’ என்பதற்குள் எச்டிஆர் (ஒளி, நிற வீச்சைக் கூட்டிப் பதியும் முறை) வீடியோவையும் அணைத்துவிட்டால், மற்றவர் திரையில் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்காது.

இனி ஒலி. படத்துக்காகப் பத்து நிமிடம் தலை வாருபவர்கள் ஒலிக்காகப் பத்து விநாடி செலவிடுவதில்லை. தொலைவு இரட்டிப்பானால் உங்கள் குரலின் ஒலி அழுத்தம் பாதியாகிறது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் இரைச்சலோ, கைபேசி எங்கே இருந்தாலும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். ஆகவே விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியைக் கைக்கெட்டும் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டமாகப் பிடிக்கும்போது இன்னொரு விபத்து நடக்கிறது: முக்கிய மைக் இருப்பது பெரும்பாலும் கைபேசியின் அடி விளிம்பில், அந்த விளிம்பு இப்போது உங்கள் உள்ளங்கைக்குள். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து வாழ்த்துகிறார். பாட்டை ஓடவிட்டு அதன்மேல் பேசுவதையும் விடுங்கள். பாட்டு வேண்டுமென்றால் தொகுப்பவர் சேர்ப்பார். யூடியூப் 2007 முதல் ‘கன்டென்ட் ஐடி’ என்ற முறையில் உரிமையுள்ள இசையை அடையாளம் காண்கிறது. வாழ்த்து வீடியோவை அங்கே ஏற்றும்போது உங்கள் பின்னணிப் பாட்டு அதில் சிக்கினால் ஒலி முடக்கப்படலாம், பாட்டோடு சேர்த்து வாழ்த்தும் போய்விடும்.

பழைய டேப்பில் உள்ள குடும்ப வீடியோக்களைச் சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: டிவியில் ஓடவிட்டு, அந்தத் திரையைக் கைபேசியால் படம் பிடித்து அனுப்பாதீர்கள். திரை மினுக்கும், பட்டை ஓடும், அறை விளக்கும் கண்ணாடியில் தெரியும். முறையாக டிஜிட்டலாக்கினால் இந்தியாவில் வழங்கிய ‘பால்’ (PAL) முறை டேப்பிலிருந்து 720க்கு 576, அமெரிக்காவில் வழங்கிய என்டிஎஸ்சி (NTSC) முறை டேப்பிலிருந்து 720க்கு 480 என்ற அளவில் கோப்பு கிடைக்கும். அது 4:3 விகிதப் படம். இரு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். கறுப்பு தெரியக் கூடாது என்று அகலமாக இழுத்து, மெலிந்திருந்த மணப்பெண்ணைப் பருமனாக்கிய அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டை என்றாலே வீட்டுக்குள் நடக்கும் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். இணைப்பு என்பது பூட்டு அல்ல. யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று போட்டால் தேடலில் வராது என்பது உண்மை, ஆனால் அந்த இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் பார்க்கலாம், மேலும் பத்துப் பேருக்கு அனுப்பலாம். குழந்தையின் முழுப்பெயர், பிறந்த தேதி, சீருடையில் உள்ள பள்ளியின் சின்னம், பின்னால் வீட்டு எண், இவை நான்கும் ஒரே 20 விநாடிப் பதிவில் இருந்ததைக் கடந்த மாதம் கண்டு, பேசி, வேறு பதிவு வாங்கினேன். கைபேசியில் இட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடம் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கக்கூடும். டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் சேர்ந்து போகும். எனவே அதை வெளியார் யாருக்கும் அப்படியே கொடுக்காதீர்கள். இலவச மாற்றித் தளங்கள் பற்றியும் இதனால்தான் இத்தனை கோபம் எனக்கு. வடிவம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். யாரென்று தெரியாதவருடைய கணினிக்கு உங்கள் பேத்தியின் வீடியோவை ஏற்றி வைக்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை.

தாய்மாமாவின் மூலப் பதிவு கிடைக்கவில்லை. இடம் போதவில்லை என்று அனுப்பிய அன்றே அழித்திருக்கிறார். மறுநாள் மாலை புதிதாகப் பேசி, அனுப்பும் முறையை அவருடைய பேரன் பார்த்துக்கொள்ள, டாக்குமென்டாகவே அனுப்பிவைத்தார். மீசை தெளிவாக இருந்தது, குரலும் நன்றாக இருந்தது. முதல் பதிவின் நடுவில் தங்கையின் சிறுவயதுப் பட்டப்பெயரைத் தவறிச் சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தாமே குலுங்கிச் சிரித்த அந்த மூன்று விநாடிகள் இதில் இல்லை. அந்த இடத்தில் பழைய பதிவிலிருந்து ஒலியை மட்டும் எடுத்து, அவருடைய புகைப்படம் ஒன்றின்மேல் ஓடவிட்டிருக்கிறேன்.